லென்ஸ் மேல் விழுந்த தோல்

எங்கள் அறைக்குள் யாருக்கும் முகம் கிடையாது. கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை ஜம்ப்சூட், தலைக்கு மூடி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை. வெளியே தெரிவது இரண்டு கண்ணும், அதைச் சுற்றிக் கொஞ்சம் நெற்றியும் மூக்குத்தண்டும்தான். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம், கைப்பேசிக் கேமராவுக்குள் வைக்கிற குட்டி லென்ஸ் செய்கிற தொழிற்சாலை அது. ஒரு லென்ஸ் உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும். அதன்மேல் ஒரு தூசு உட்கார்ந்தால் போச்சு, தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் உள்ளே வருகிற காற்றையே சலித்துத்தான் விடுவார்கள். பவுடர் கூடாது, சென்ட் கூடாது, நெற்றியில் பொட்டுகூடக் கூடாது.

அந்த அறை எனக்கு ஏன் பிடிக்கும் என்று வீட்டில் கேட்டால் ஏர்கோன் என்று சொல்வேன். உண்மை அது இல்லை. அங்கே என் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் டுரியான், தோல் முழுக்க முள்ளாக இருக்கிற பழம். பரு வர ஆரம்பித்த வயதில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. கிள்ளிக் கிள்ளி இரண்டு கன்னமும் குழியும் மேடும் ஆகிவிட்டது. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடமும் அப்பாடா என்று என்னை விட்டது. அங்கே உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். எதிரில் இருப்பவன் என் முகத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் நான் அவனுடைய காதைப் பற்றியோ தொப்பையைப் பற்றியோ பேசிவிட வேண்டும். கார் கழுவுகிற கடை, டயர் கடை, சாப்பாட்டுக் கடை, எங்கே வேலைக்குப் போனாலும் இதே யுத்தம்தான். இந்த அறையில் மட்டும் யுத்தம் இல்லை. வரும்போது மாஸ்க், போகும்போது ஹெல்மெட். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனால், நான் மோட்டார் நிறுத்துகிற இடத்தில் என் வண்டி சீட்டின் மேல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

கிண்டலை மட்டும் விடவில்லை. முகம் தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. எங்கள் சூப்பர்வைசர் அண்ணனுக்குப் புருவம் அடர்த்தி. மாஸ்க்குக்கு மேல் இரண்டு கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி இருக்கும். அதுதான் அவர் பெயர், அவர் காதில் விழாதவரை. லைனின் கடைசியில் மைக்ராஸ்கோப் முன்னால் ஓர் அக்கா. நிபோங் திபாலிலிருந்து பேக்டரி பஸ்ஸில் வருவார். நாங்கள் அடுக்கி அனுப்புகிற ஒவ்வொரு ட்ரேயையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்து, பாஸ், ரிஜெக்ட் என்று பிரிப்பது அவர் வேலை.

"அக்கா, கண்ணு செவந்திருக்கே. நேத்து நாடகம் பாத்து அழுதீங்களா?"

"உன் ட்ரேயப் பாத்துத்தான் தம்பி அழுதேன். வாய மூடிட்டு அடுக்கு லா."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒருநாள் சூப்பர்வைசர் அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"மாசக் கடைசில பெர்மனென்ட் பேரு அனுப்பணும். உன் பேரயும் எழுதிருக்கேன். கை வேகமா இருக்கு. வாயத்தான் கொஞ்சம் கொறச்சுக்க."

"பேரு போவலைன்னா?"

"கான்ட்ராக்ட் முடியுதுல்ல? முடிஞ்சா முடிஞ்சதுதான்."

எங்கள் சுங்கை பினாங் பிளாட்டில் அன்று சாயங்காலமே அம்மா எல்லா மாடிக்கும் செய்தியைச் சொல்லிவிட்டார். எனக்கும் தரையில் கால் நிற்கவில்லை, மறுநாள் ஆபீஸ் கிளார்க் ஒரு வார்த்தை சொல்கிறவரை. பெர்மனென்ட் ஆனால் புது டேக் கொடுப்பார்கள், அதற்குப் போட்டோ எடுப்பார்கள் என்றார். கான்ட்ராக்ட் ஆட்கள் டேக்கில் வெறும் நம்பர்தான். பெர்மனென்ட் டேக்கில் பாதி அளவுக்கு முகம்தான் இருக்கும். அதை ஜம்ப்சூட்டுக்கு மேலே, நெஞ்சில், எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும்.

நான் முகத்தை வெளியே கழட்டி வைத்துவிட்டு வருகிற ஒரே இடம் அது. அங்கேயே டுரியானை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

வீட்டுக் குளியலறையில் தங்கச்சியின் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அவள் காலேஜில் படிக்கிறாள். அந்த பாட்டில்களைப் பற்றி அவளை நான் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. அதில் ஒன்றில் ரோஸ் சிரப் மாதிரி சிவப்பாக ஒரு திரவம் இருந்தது. மேலே முழுக்க இங்கிலீஷ். ஆசிட் என்கிற வார்த்தையும் தோல் என்கிற வார்த்தையும் எனக்குத் தெரிந்தது. மற்றதைப் படிக்கப் பொறுமை இல்லை, படித்திருந்தாலும் பாதி புரிந்திருக்காது.

"இது என்னா லா?" என்றேன் எதுவும் தெரியாத மாதிரி.

"பழைய தோல உரிச்சு எடுக்கும். சொரசொரப்பு போவும். உனக்கு எதுக்கு? உன் மொகத்துக்கு சிமெண்ட்தான் பூசணும்."

"உன் மூக்குக்கு முட்டுக்கொடுக்கவே சிமெண்ட் பத்தாது."

அவள் காலேஜுக்குக் கிளம்பியதும் பாட்டில் என் கைக்கு வந்தது.

இங்கே எங்கள் வீட்டு வைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் மருந்து என்றால் எரிய வேண்டும். தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி, பரீட்சைப் பயம், எல்லாவற்றுக்கும் பச்சைக் கலரில் ஒரு காற்று எண்ணெய்தான். அம்மா தேய்த்துவிட்டு, "எரியுதா?" என்பார். எரியுது என்றால், "அப்ப வேல செய்யுது" என்பார். எரியவில்லை என்றால் இன்னொரு தடவை தேய்ப்பார். இப்படி வளர்ந்தவன் அந்தச் சிவப்புத் திரவத்தைக் கன்னத்தில் தடவினேன். சுள்ளென்று எரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலை செய்கிறது!

நெற்றி, மூக்கு, புருவத்து ஓரம் என்று ஓர் இடம் விடவில்லை. படுக்கப் போகுமுன் தடவினால் காலையில்தான் கழுவுவேன். தினமும் தடவினேன். பக்கத்தில் இருந்த இன்னொரு பாட்டிலும் எரிந்தது, அதையும் சேர்த்துக்கொண்டேன். காலையில் மோட்டாரில் கிளம்பினால் கடலோரச் சாலையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அதுவும் எரிந்தது. அதையும் மருந்துக் கணக்கில் சேர்த்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கன்னத்தைத் தொட்டால் கை வழுக்கியது. சிக்னலில் நின்ற பக்கத்து மோட்டாரின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சிரித்து, அந்த ஆளிடம் திட்டு வாங்கினேன். அப்புறம் தோல் இறுக ஆரம்பித்தது, கோந்து பூசிக் காயவிட்ட மாதிரி. சிரித்தால் மூக்கோரம் வெடித்தது. ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது புருவத்துக்கு மேலிருந்து ஏதோ கையோடு வந்தது. எங்கள் பிளாட் சுவர்ப் பெயிண்ட் மாதிரி முகம் முழுக்கத் தோல் கிளம்பியிருந்தது. பழையது போகிறது, புதியது வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பயம் அப்போது வரவில்லை.

அதே சமயத்தில்தான் எங்கள் லைனில் ரிஜெக்ட் ஏறியது. ட்ரே ட்ரேயாகத் திரும்பி வந்தது. தூசு எண்ணுகிற மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கூவியது. சூப்பர்வைசர் அண்ணன் மெஷினை நிறுத்தித் துடைக்கச் சொன்னார், பில்டர் மாற்றச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மனிதர்கள் பக்கம் திரும்பினார். எல்லாரையும் ஒன்றாக நிறுத்தி ஏதேதோ சொன்னார். நான் பக்கத்தில் நின்றவனிடம் கம்பளிப்பூச்சி இன்று வேகமாக ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி காதில் விழவில்லை. பிறகு அக்காவிடம் வந்து நின்றார்.

"அக்கா, காலைல கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"தெனமும்தான் போறேன்."

"திருநீறு?"

"பூசுவேன். இங்க வந்து கொழாயில கழுவிட்டுத்தான உள்ள வர்றேன்? இத்தன வருஷமா விழாத திருநீறு இப்பத்தான் விழுதா?"

நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, இது சாமி குத்தம்ணே. அக்கா கழுவி விட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு சாமியே நேரா லென்ஸ்ல எறங்கிருச்சு."

லைன் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அண்ணன் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"பெரிய ஆளு மாதிரி பேசுறியே, இங்க வந்து பாரு. திருநீறுன்னா பொடியா இருக்கும். இது என்னா?"

திரையில் ஒரு லென்ஸ் குளம் மாதிரி பெரிதாகத் தெரிந்தது. அதன் நடுவே கண்ணாடி மாதிரி மெல்லியதாக, ஓரம் சுருண்டு, ஏதோ ஒட்டியிருந்தது.

"மீன் செதிலு மாதிரி இருக்குக்கா. யாரு கெம்போங் மீன உள்ள கொண்டாந்தது?"

இன்னும் நன்றாகப் பார்க்க மைக்ராஸ்கோப்புக்கு மேலேயே குனிந்தேன். நெற்றியில் அரித்தது. கையுறை போட்ட கையால் தொடக் கூடாது என்பதால் புருவத்தை ஏற்றி இறக்கினேன்.

திரையில் இன்னொரு செதில் மெதுவாக ஆடி ஆடி வந்து, முதல் செதிலுக்குப் பக்கத்தில் படுத்தது.

அக்கா திரையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என் நெற்றியைப் பார்த்தார்.

"தம்பி."

"அக்கா."

"பின்னால நகரு."

நகர்ந்தேன். சலித்த காற்று முதுகுக்குள் போகிற மாதிரி இருந்தது. என் உடம்பிலிருந்து விழுந்தது திரையில் என் தலையைவிடப் பெரிதாகப் படுத்திருக்கிறது. நானே என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

"மூஞ்சில என்னா போட்டுத் தொலைச்ச?"

"ஒண்ணும் இல்லக்கா. அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க. பேரு போற நேரம்."

"நான் சொல்லலைன்னா? நாளைக்கு காலைல எல்லாரு நெத்தியிலயும் டேப் ஒட்டி எடுத்து தூசு பாக்கப் போறாரு. இப்பத்தான சொன்னாரு? நீ எங்க கேட்ட, பேசிக்கிட்டே இருந்த."

வீட்டுக்கு வந்து மாஸ்க்கைக் கழட்டி தங்கச்சியின் முன்னால் நின்றேன். அதுவரை அவளுக்குத் தெரியாமல் முகத்தை மறைத்து வைத்திருந்தேன். அவள் கையிலிருந்த போனை வைத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

"எந்த பாட்டிலு?"

"செவப்பு."

"அண்ணே, அத பத்து நிமிஷத்துல கழுவணும்ணே! நீ எவ்ளோ நேரம் வச்ச?"

"காலைல வரைக்கும்."

"வாரத்துக்கு ஒருவாட்டியா?"

"தெனமும். எரிஞ்சுச்சே!"

"எரிஞ்சா ஓடிப்போய்க் கழுவணும்ணே! எரியுதுன்னா போதும் நிறுத்துன்னு அர்த்தம்!"

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு கருத்தைச் சொன்னதில்லை. சத்தம் கேட்டு அம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்தார், நேராக அலமாரிக்குப் போனார், பச்சை எண்ணெயோடு திரும்பினார்.

"அம்மா! அத கிட்ட கொண்டாராத மா!" என்று நானும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தங்கச்சி குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் போட்டாள். வாசனை இல்லாத ஏதோ ஒரு கிரீமைத் தொட்டு வைத்தாள். "கை வைக்காத. தானா விழணும். பிச்சா கறுப்புத் தட்டிரும்."

"தட்டுனா போவாதா?"

"தெரியாதுண்ணே."

சிமெண்ட் என்பாள், தார் ரோடு என்பாள் என்று காத்திருந்தேன். அவள் எதுவும் சொல்லவில்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

காலையில் தொழிற்சாலைக் கழிவறையில் கண்ணாடி முன்னால் நின்றேன். கை வைக்காதே என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் புருவத்துக்கு மேல் ஒரு தோல் பாதி கிளம்பி, கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். அது போகவில்லை, பக்கத்தில் இரண்டு கிளம்பியது. பிடித்து இழுத்தேன். பழைய தோலோடு நல்ல தோலும் சேர்ந்து வந்தது. சிவப்பாக ஒரு பொட்டு துளிர்த்தது. பொட்டு கூடாத அறைக்குப் பொட்டோடு போகிறேன் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

உடுப்பு மாற்றுகிற இடத்தில் வரிசை. அண்ணன் ஒட்டுகிற டேப்பைக் கிழித்து ஒவ்வொருவர் நெற்றியிலும் அழுத்தி எடுத்து, கறுப்பு அட்டையில் ஒட்டி, விளக்கில் பார்த்தார். அக்காவுடையது சுத்தமாக இருந்தது. அக்கா அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுத்தவன், "அண்ணே மெதுவா, புருவம் வந்துரும்" என்றான். அது நான் சொல்ல வேண்டிய வசனம்.

"என்னடா, இன்னிக்கு ஊமை விரதமா?" என்றபடி அண்ணன் என் நெற்றியில் டேப்பை அழுத்தினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இழுத்தபோது உயிர் போனது.

கண்ணைத் திறந்தபோது கறுப்பு அட்டை முழுக்கத் தேங்காய்த் துருவல் தூவின மாதிரி இருந்தது.

அண்ணன் என்னைப் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மாஸ்க்க கழட்டு."

"அண்ணே, கல்யாணத்துக்கு முன்னால மொகம் பாக்கக் கூடாதுண்ணே."

"கழட்டுடா."

கழட்டினேன். அவர் பார்த்தார். நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன்.

"என்னா போட்ட?"

"ஆசிட்."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பேட்டரி ஆசிட்டாடா?"

"இல்லண்ணே. பொம்பளப் பிள்ளைங்க போடுறது. மொகம் வழவழன்னு ஆகுறதுக்கு."

"எதுக்குடா உனக்கு?"

"டேக்குக்கு போட்டோ எடுப்பாங்கன்னு சொன்னாங்க."

கம்பளிப்பூச்சி இரண்டும் மேலே போய் அங்கேயே நின்றன. "உள்ள விட முடியாது. கம்பெனி பேனல் கிளினிக்குக்கு இப்பவே போ. தோலு அடங்குற வரைக்கும் வெளிய பேக்கிங்ல நில்லு. பேரு அனுப்புற அன்னிக்கு காலைல மறுபடியும் டேப் வைப்பேன். சுத்தமா வந்தா அனுப்புறேன்."

"வரலைன்னா?"

"அப்பறம் என் கையில ஒண்ணும் இல்ல தம்பி."

என்னை எப்போதும் டேய் என்கிறவர் அன்று தம்பி என்றார்.

டாக்டர் எல்லா பாட்டிலையும் நிறுத்தச் சொன்னார். ஒரு கிரீம், வெயிலுக்குத் தொப்பி, கை வைக்காமல் இருப்பது, இவ்வளவுதான் மருந்து. தடவினால் எரியவே இல்லை. எரியாததாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு நாளும் சிவப்பு பாட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன், தங்கச்சி அதை எங்கேயோ ஒளித்து வைக்கிறவரை.

பேக்கிங் கூடத்தில் ஜம்ப்சூட் கிடையாது. டாக்டர் மாஸ்க் உரசக் கூடாது என்றதால் அதுவும் கிடையாது. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்து, "மொகத்துல என்னா?" என்றாள்.

"பாம்பு மாதிரி சட்ட மாத்துறேன்."

அன்றிலிருந்து அங்கே என் பெயர் பாம்பு. மதியம் கேன்டீனில் "பாம்பு, சம்பல் எடு" என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் கிண்டலைப் பற்றிப் பயப்பட எனக்கு நேரம் இல்லை. என் பயம் முழுக்க டேப்பில் இருந்தது. நானே ஒரு சுருள் வாங்கி, காலையில் எழுந்ததும் நெற்றியில் ஒட்டி எடுத்து, அணைத்து வைத்த போனின் கறுப்புத் திரையில் வைத்துப் பார்ப்பேன். வெள்ளைப் பொட்டுகள் குறைந்தன. ஒருநாள் கூடின. மறுபடி குறைந்தன. அடியிலிருந்து வெளிறிய சிவப்பில் புதுத் தோல் வந்தது. குழிகள் அப்படியே இருந்தன. ஒரு குழிகூட என்னை விட்டுப் போகவில்லை.

பேர் அனுப்புகிற அன்று காலையில் அண்ணன் டேப்பை அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இழுக்கிற சத்தம் கேட்டது. வலிக்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். கறுப்பு அட்டையின் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு. அண்ணன் அதை விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் மாஸ்க்கை இறக்கி ஊதினார். பொட்டு பறந்துவிட்டது. டேப்புக்கு வெளியே, அட்டை மேல் கிடந்த தூசா, இல்லை என்னுடையதா, அவருக்குத்தான் தெரியும்.

"போ. கிளார்க்கு காத்துக்கிட்டு இருக்காரு."

வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கே பாருங்க என்றார்கள். வெளிச்சம் அடித்தது.

புது டேக்கை நெஞ்சில் மாட்டிக்கொண்டு தூசை ஊதித் தள்ளுகிற ஏர் ஷவர் காற்றில் கையைத் தூக்கிச் சுற்றி உள்ளே போனேன். டேக்கைத் திருப்பிப் போட்டிருந்தேன். அக்கா நேராக வந்து அதைத் திருப்பினார்.

"யாரு தம்பி இது?"

"நான்தான்க்கா."

"கண்ணக் காணோமே? எனக்குத் தெரிஞ்சது உன் கண்ணு ரெண்டும்தான். அதப் போயி மூடி வச்சிருக்க."

குனிந்து பார்த்தேன். போட்டோவில் நான் டேப் வைக்கக் காத்திருக்கிறவன் மாதிரி கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.

அக்கா டேக்கைக் கழட்டி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். லைனில் எல்லாரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அக்கா, எடுங்கக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இரு லா. தூசு இருக்கான்னு பாக்க வேணாமா?"

திரையில் என் கன்னம் விரிந்தது. இவ்வளவு பெரிதாக்கினால் குழி கிணறு மாதிரி தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தது நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அச்சுப் புள்ளிகள்தான். அக்கா ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, லென்ஸைப் பார்க்கிற மாதிரியே அவசரப்படாமல் நகர்த்திப் பார்த்தார்.

"பாஸ்" என்றார். டேக்கை எடுத்து என் பக்கம் நீட்டிவிட்டு, அடுத்த ட்ரேயை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தள்ளினார்.

வாங்க நான் ட்ரேக்கு மேல் குனியவில்லை. ஓர் அடி தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.